குப்பியின் அடியில்

திருவனந்தபுரம்
12.9.1997

அக்கா,

இல்லை, சுஜா அழவில்லை. நீ போன ஆட்டோ முக்குத் திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து உன் பாயை விரித்தாள். சாப்பிடும் நேரத்தில் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். நான் ஒன்றை உள்ளே வைத்தால் அவள் திரும்ப எடுத்து வைக்கிறாள். இன்றோடு மூன்று நாள். இப்போது விட்டுவிட்டேன்.

சுஜாவுக்கு மொத்தம் ஏழு சொல். நேற்று எண்ணிப் பார்த்தேன். தா, போ, வேண்டாம், சோறு, பஸ், மாமா, உம்மை. உம்மை என்றால் நீ. உமையம்மை என்பதில் அவளுக்கு முடிந்தது அவ்வளவு. என் பெயர் அதில் இல்லை. இருபத்தைந்து வயதில் புதிதாக ஒரு சொல் வருமா, தெரியவில்லை. ஐந்து வருஷம் திருநெல்வேலி விடுதியில் இருந்துகொண்டு லீவுக்கு மட்டும் வந்து போன கூடப்பிறந்தவள் நான். அதற்கு இதுதான் கிடைக்கும்.

நேற்றுக் காலை வலிப்பு வந்தது. குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இருந்தும் தலை கல்லில் பட்டது. எவ்வளவு நேரம் நீடித்தது என்று பார்க்க மறந்துவிட்டேன். இதற்கு முன்பெல்லாம் நீயும் அப்பாவும் அவளைப் பிடித்துக்கொள்வீர்கள். நான் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது சீக்கிரம் முடிந்துவிடுவதாகத் தோன்றியது.

நீ எழுதி வைத்துப் போன தாளில் சோறு, குளியல், துணி எல்லாம் இருக்கிறது. மருந்து எப்படிக் கொடுப்பது என்று இல்லை. அலமாரியில் இரண்டு குப்பி. ஒன்றில் பாதி இருக்கிறது. எதை முதலில் எடுக்க வேண்டும்? எல்லோரையும் போல மாத்திரை கொடுத்தால் என்ன?

உன் கல்யாணத்தில் நான் முகம் கொடுக்கவில்லை என்று அத்தான் வீட்டில் பேசியிருப்பார்கள். சரிதான். முப்பத்து நான்கு வயதில் உனக்கென்று ஒரு வீடு. அது எனக்குப் புரிகிறது. புரிவதால் ஒன்றும் குறையவில்லை.

பகவதி

*

வடசேரி, நாகர்கோவில்
16.9.1997

அன்புள்ள பகவதிக்கு அக்கா எழுதுவது.

இங்கே அத்தானும் அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் அத்தையும் சுகம். சின்னவள் இன்னும் என்னிடம் பேசவில்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். எனக்கு அது பழக்கம்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மருந்து விஷயத்தை எழுத மறந்தது என் தப்பு. கையில் பழகிப்போன வேலை எழுத்தில் வராது. மாத்திரை அவளுக்கு ஆகாது. துப்புவாள், அல்லது புரையேறும். அதனால்தான் குப்பி மருந்து. ஆஸ்பத்திரியில் மாசம் இரண்டு குப்பி தருவார்கள். ஒரு குப்பி பதினைந்து நாள். வாங்கி வந்ததும் ஒரு நாள் அசைக்காமல் வை. அப்பா எப்படிச் சொல்வார் என்று உனக்கே தெரியும். முப்பது வருஷம் சாலைக் கடையில் அரிஷ்டம் விற்றவர். “மருந்துண்ணா தெளியணும் மக்களே, கலங்கினதக் குடுத்தா வயிறு கெட்டுப் போவும்” என்பார். குப்பியை மெதுவாகச் சாய்த்து, மேலே இளம் நிறமாகத் தெளிந்து நிற்பதை அளவு மூடியில் ஊற்று. பிறகு அதே இடத்தில் ஆடாமல் வைத்துவிடு.

அரிஷ்டமானால் அடி மண்டியைக் கொட்டிவிடலாம். இது இங்கிலீஷ் மருந்து, கொட்ட மனசு வராது. கடைசி மூன்று நாலு நாளுக்கு மண்டியில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி, அதே அளவு கொடு. அப்பா அப்படித்தான் கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாக நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

வலிப்பு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அதிகம் வரும். பிறகு ஒரு வாரம் ஒன்றும் இராது. அதற்குப் பிறகு நாலு நாள் தூங்கி வழிவாள், நடை தள்ளாடும். பயப்படாதே. தானாகச் சரியாகும். வரும்போது கைகாலைப் பிடித்து அழுத்தாதே, ஒரு பக்கமாகச் சாய்த்து, தலைக்குக் கீழே எதையாவது வை. முடிந்ததும் தண்ணீர் கேட்பாள். உடனே கொடுக்காதே.

மாசத்துக்கு இரண்டு வியாழக்கிழமை நரம்பு ஓ.பி.க்குக் கூட்டிக்கொண்டு போ. எத்தனை தடவை வந்தது என்று டாக்டர் கேட்பார். எண்ணிக்கையை மட்டும் சொல். வேறு ஏதாவது சொன்னால் அவருக்குப் பொறுமை இல்லை. பஸ்ஸில் ஆண்களைப் பார்த்து மாமா என்பாள். நீ வெட்கப்பட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வாள். ஒரு தடவை தம்பானூரில் ஒரு போலீஸ்காரரைக் கூப்பிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். எல்லோரும் அப்படி இல்லை.

மூன்றாவது தட்டை அவள் வைத்தால் வைக்கட்டும்.

உமையம்மை

*

திருவனந்தபுரம்
2.12.1997

அக்கா,

நீ சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். குப்பி ஆடுவதில்லை. நானும் ஆடாமல் நடக்கிறேன்.

நவம்பரில் பதினொரு தடவை. வியாழக்கிழமை போனோம். எண்ணிக்கையைச் சொன்னேன். டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். அக்டோபரிலும் கூட்டினார். கூட்டிய பிறகு குப்பியின் கடைசி நாட்களில் அவள் நடை படகில் நிற்பவள் நடைபோல் இருக்கிறது. சுவரைப் பிடிக்காமல் கக்கூஸுக்குப் போக முடியவில்லை. சொற்கள் குழறுகின்றன. ஏழில் மூன்றுதான் எனக்குப் புரிகிறது. அதையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இங்ஙனத்தெ குட்டிகள் இங்ஙனெத்தன்னெ” என்றார். இப்படிப்பட்டவர்கள் இப்படித்தான். அவள் பிறந்ததிலிருந்து இப்படியில்லை, செப்டம்பரில் நடந்தாள் என்றேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

இன்னொன்று. ஈறு வீங்கிப் பல்லின் மேல் ஏறியிருக்கிறது. தலையணையில் ரத்தம். இடது கன்னத்தைச் சுவரில் அடிக்கிறாள். ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை. ஓ.பி.யில் அதை நடத்தைக் கோளாறு என்று எழுதினார்கள். எனக்குப் பல்வலி என்று தோன்றுகிறது. பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வலிப்புக்காரி, நரம்பு டாக்டர் எழுதித் தந்தால்தான் கை வைப்பேன் என்றார். நரம்பு டாக்டர், பல் அவர் வேலை இல்லை என்றார். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் கன்னத்தை என் தோளில் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வலி இருக்கிறது என்பதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல ஒரு சொல் அவளிடமும் இல்லை.

காரியவட்டம் பல்கலைக்கழகத்துக்கு வாரம் இரண்டு நாள் படிக்கப் போகிறேன். அந்த நேரம் அடுத்த வீட்டு சுசீலாபாய் பார்த்துக்கொள்கிறார். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு பேச ஆள் வேண்டும் அவருக்கு. சுஜா பதில் சொல்லாததால் நன்றாகப் பேச்சு நடக்கிறதாம்.

பகவதி

*

வடசேரி
9.12.1997

பகவதி,

நான் கிளம்பிய அன்று சுஜா தானாக நடந்து வாசலுக்கு வந்தாள். அதை நீயே எழுதியிருக்கிறாய். மூன்று மாதத்தில் சுவரைப் பிடிக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? டாக்டரைக் குறை சொல்லி எனக்கு என்ன பிரயோஜனம்? அதே டாக்டரிடம்தான் நானும் போனேன்.

நீ எண்ணுகிறாய். பதினொன்று, நாற்பது, ஐம்பது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டியதை ஒரு வரி எழுதவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறு கையால் ஊட்டினால் அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே.

கோபத்தில் எழுதுகிறேன். இதைக் கிழிக்காமல் போடுகிறேன். எனக்கு இங்கே கோபப்பட ஒருவரும் இல்லை.

கன்னத்துக்கு உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடு.

உமையம்மை

*

திருவனந்தபுரம்
20.2.1998

அக்கா,

வார்டிலிருந்து எழுதுகிறேன். ஒன்பதாம் தேதி காலை சுஜா நடுவீட்டில் விழுந்தாள். வலிப்பில்லை. கால் தாங்கவில்லை. எழுப்பினால் கண் திறந்தாள், கருவிழி இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு தூங்கினாள். நான்கு நாள் தூங்கினாள்.

ரத்தம் எடுத்து வெளியே ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். மருந்து இருக்க வேண்டிய அளவைப்போல் மூன்று மடங்கு உடம்பில் இருந்தது. தலையை ஸ்கேன் செய்தார்கள். சிறுமூளை சுருங்கிவிட்டது. நடையும் நிதானமும் அங்கேதான் இருக்கின்றனவாம். சுருங்கியது திரும்ப வளராது. விழித்துவிட்டாள், சாப்பிடுகிறாள். நடக்க மாட்டாள். இனி எப்போதுமா என்று கேட்டேன். இனி எப்போதும் என்றார்கள்.

என் தப்பு. அளவு கூடிப்போனது. கொடுத்ததை மறந்து திரும்பவும் கொடுத்திருக்கிறேன், ஒரு நாள் இல்லை, பல நாள். நீ எழுதியது சரி. என் ஒரு கையில் எப்போதும் வேறு ஏதோ இருந்தது.

இதற்கு மேல் எழுத வேண்டியது இல்லை.

பகவதி

*

வடசேரி
27.2.1998

பகவதி,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு அடுப்பை அணைத்தேன்.

பன்னிரண்டு வருஷம் நான் ஊற்றினேன். ஒரு நாள் மறக்கவில்லை. அம்மா இறந்த அன்றும் ஊற்றினேன். அப்பாவை எடுத்துக்கொண்டு போன பிறகு முதலில் செய்த வேலை அது. ஐந்தே மாதத்தில் நீ அவள் காலை எடுத்துவிட்டாய். எம்.ஏ. படித்தவளுக்குக் காலையில் கொடுத்தது மாலையில் மறந்துபோகும் என்றால் நான் என்ன சொல்ல.

உன்னை அடிக்க வேண்டும் என்று இருக்கிறது. நீ சின்னவளாக இருந்தபோதுகூட நான் அடித்ததில்லை.

அத்தானிடம் பேசிவிட்டேன். பின்கட்டில் ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு, கொண்டு வா என்றார். அத்தைக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும். பங்குனி பிறந்ததும் வருகிறோம். அவள் துணி, பாய், ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துக் குப்பி எல்லாம் எடுத்து வை. இங்கே வந்த பிறகு நான் எப்போதும் ஊற்றுகிறபடி ஊற்றிக்கொள்கிறேன். நீ யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். உன் படிப்பை முடி.

உமையம்மை

*

திருவனந்தபுரம்
5.3.1998

அக்கா,

வராதே. அவளைக் கொண்டுபோகாதே. நான் பொய் எழுதினேன். அந்தப் பொய்யை அப்படியே வைத்துக்கொண்டிருக்க முடியும் என்று நினைத்தேன். நீ எப்போதும் ஊற்றுகிறபடி ஊற்றுவேன் என்று எழுதியதும் முடியாமல் போய்விட்டது.

நான் ஒரு வேளையும் மறக்கவில்லை. இரண்டு முறை கொடுக்கவும் இல்லை.

சேர்த்த அன்று மாலை நாலு மணிக்கு வார்டு நர்ஸ் வீட்டு மருந்தைக் கொடுக்கச் சொன்னார். எலிசாள் என்று பெயர், மார்த்தாண்டத்துக்காரர். நான் பையிலிருந்து குப்பியை எடுத்து, ஆடாமல் பிடித்து, மெல்லச் சாய்த்தேன். அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“ஏ பிள்ளே, இது என்ன அரிஷ்டமா, தெளிவெடுத்துக் குடுக்க?”

குப்பியை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். “அடியில கெடக்கதப் பாத்தியா? மருந்து அங்கல்லா கெடக்கு.”

அது கரையும் மருந்து இல்லை அக்கா. தண்ணீரில் மிதக்கும் தூள். வைத்தால் கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு வேளையும் குலுக்கி, கலக்கி, கலங்கலாகத்தான் கொடுக்க வேண்டும். மேலே தெளிந்த நாட்களில் அவளுக்கு நாம் கொடுத்ததில் மருந்து மிகக் குறைவு. அப்போது வலிப்பு. அடி மண்டியை அலசிக் கொடுத்த நாட்களில் அளவுக்கு மேல் மருந்து. அப்போது தூக்கம், தள்ளாட்டம். ஆஸ்பத்திரியில் எண்ணிக்கையைச் சொன்ன ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டினார்கள். கூட்டியதெல்லாம் அடியில் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் யார் இப்படிச் சொல்லித் தந்தார்கள் என்று எலிசாள் சிஸ்டர் கேட்டார். யாரும் இல்லை, நானாகத்தான் என்றேன். அந்தப் பொய் அங்கே தொடங்கியது. உன் பெயரை அந்த வார்டில் சொல்ல வாய் வரவில்லை.

பெட்டியைத் திறந்து பழைய காலண்டர்களை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு. வலிப்பு வந்த தேதியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் போட்டிருக்கிறாய். புதுக்குப்பி வாங்கிய நாளில் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறாய். வட்டங்கள் நிலவோடு போகவில்லை. அமாவாசைக்கு ஆறு நாள் தள்ளி வந்ததையும் நாம் அமாவாசை என்றே சொல்லிக்கொண்டோம். அவை உன் கோடுகளோடு போகின்றன. வாங்கிய மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாள். வருடா வருடம்.

குப்பியின் மேல் அச்சடித்திருக்கிறது. நன்றாகக் குலுக்கிய பின் கொடுக்கவும். இங்கிலீஷில், பொடி எழுத்தில். நீ பத்தாம் வகுப்போடு நின்றவள். நான் எம்.ஏ. ஐந்து மாதம் தினம் இரண்டு வேளை அந்தக் குப்பி என் கையில் இருந்தது. மருந்தின் பெயரைப் படித்தேன். காலாவதித் தேதியைப் படித்தேன். நடுவில் இருந்த வரியைப் படிக்கவில்லை. உன் கடிதம் கையில் இருந்தபோது படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

உன் தப்பில்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீ நம்ப மாட்டாய். அப்பாவின் தப்பு என்றால் அவர் இல்லை. எப்படி ஊற்றுகிறீர்கள் என்று பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஓ.பி.யில் ஒருவரும் கேட்கவில்லை. இதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இதுவும் குப்பிதான். இதையும் குலுக்க வேண்டும்.

பகவதி

*

வடசேரி
22.3.1998

பகவதி,

பதினைந்து நாள் பதில் எழுதாமல் இருந்தேன். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு அதிர்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பெண் பார்க்க ஐந்து தடவை வந்தார்கள். முதல் தடவை சுஜா நடுவீட்டுக்கு வந்து மாப்பிள்ளையின் அப்பாவை மாமா என்று கட்டிப் பிடித்தாள். அவர் வேட்டியில் எச்சில் பட்டது. சிரித்துக்கொண்டே காப்பியைக் கீழே வைத்தார்கள். அப்படியே போய்விட்டார்கள். நீ அப்போது திருநெல்வேலியில் இருந்தாய்.

அடி மண்டி கொடுக்கிற நாட்களில் அவள் சத்தம் போட மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் தடவை ஆள் வருகிறார்கள் என்று சொன்னதும் அந்த மண்டியில் கொஞ்சத்தைச் சின்ன அரிஷ்டக் குப்பி ஒன்றில் எடுத்து வைத்தேன். அன்று காலை பாலில் கலந்து கொடுத்தேன். பின்கட்டில் தூங்கினாள். அவர்களுக்கு வேறு ஏதோ காரணம் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தச் சின்னக் குப்பி எப்போதும் இருந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கும் கொடுத்தேன். வீடு நிறைய ஆட்கள். இவர் வந்த அன்றும் கொடுத்தேன். போகும்போது பின்கட்டை எட்டிப் பார்த்து, “தங்கச்சி ரொம்ப சாதுவாக்கும்” என்று சொன்னார். அந்த ஒரு சொல்லில்தான் இந்தக் கல்யாணம் நடந்தது.

மருந்துதானே, விஷம் இல்லையே என்று இருந்தேன். நிலவைப் பற்றி நான் உனக்கு எழுதியது பொய் இல்லை. அதையும் நம்பினேன். மண்டி அவளைச் சாய்க்கும் என்பதும் தெரியும். இரண்டும் எப்படி ஒரே மனதில் கிடந்தன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றைப் பார்க்கும்போது மற்றொன்றைப் பார்க்க மாட்டேன். அவ்வளவுதான்.

நீ அவள் காலை எடுத்தவள் என்பதுபோல உனக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தை எரித்துவிடு.

நான் வரட்டுமா? அவளைக் கொண்டுபோக இல்லை. அங்கேயே வந்து இருக்க. இவர் விட மாட்டார். விடாவிட்டாலும் வருவேன். ஒரு வரி எழுது போதும்.

உமையம்மை

*

திருவனந்தபுரம்
24.4.1998

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. முதலில் உன்மேல் வெறுப்பு வந்தது. அது இரண்டு வாரம் இருந்தது. அந்த வாரங்கள் எனக்கு எளிதாக இருந்தன. காலையில் எழுந்து, குப்பியைக் குலுக்கி, அளந்து, கொடுத்துவிட்டு, உன்னை வெறுத்தேன்.

புது மருந்தில் வலிப்பு குறைந்திருக்கிறது. மார்ச்சில் மூன்று. அதனால் விழித்திருக்கிறாள். முழு நாளும். இத்தனை வருடத்தில் அவளை இவ்வளவு விழிப்பாக நாம் யாரும் பார்த்ததில்லை. விழித்திருப்பதால் நடக்க வேண்டும் என்கிறாள். சுவரைப் பிடித்து எழுகிறாள். விழுகிறாள். திரும்ப எழுகிறாள். முழங்கால் இரண்டும் புண். இடுப்பில் துணி கட்டித் தூணோடு சேர்த்து உட்கார வைத்தேன். அவிழ்க்கச் சொல்லிக் கத்தினாள். அவிழ்த்தேன். விழுந்தாள். பஸ் பஸ் என்கிறாள். பஸ் வரை நடந்து போனது அவளுக்கு நினைவிருக்கிறது.

பல்லை எடுத்துவிட்டார்கள். எலிசாள் சிஸ்டர் கூடவே வந்து நின்று எடுக்க வைத்தார். கன்னத்தை அடிப்பது அன்றோடு நின்றது. பல்வலிதான்.

இருபத்திரண்டாம் தேதி ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகம். சுசீலாபாய் மகளைப் பார்க்கக் கொல்லத்துக்குப் போயிருந்தார். ஒரு வாரத்துக்கு முன்பே அது எனக்குத் தெரியும். வேறு ஆளைத் தேடியிருக்கலாம். தேடினேன் என்று எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குப்பியை அசைக்கவில்லை. ஞாபகமில்லாமல் இல்லை. மேலே தெளிந்ததை வேறு பாத்திரத்தில் வடித்து, அதிலிருந்து மூன்று நாள் கொடுத்தேன். புதன்கிழமை காலை அடியில் இருந்ததைப் பாலில் விட்டேன். பால் என்பதை உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். முழுவதையும் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் காட்டினாள். ஒன்பது மணிக்குத் தூங்கிவிட்டாள். கதவைப் பூட்டிக்கொண்டு போனேன்.

நான்கு பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நன்றாகப் பதில் சொன்னேன். ஒருமுறை சிரிக்கவும் வைத்தேன்.

மூன்றரைக்குத் திரும்பினேன். அதே பக்கமாகப் படுத்திருந்தாள். பாய் நனைந்திருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தைத் தட்டினேன். ஆறு மணிக்குக் கண் திறந்தாள். கருவிழி ஓடிக்கொண்டிருந்தது. நேற்று அவளுக்கு வலிப்பு ஐந்து தடவை வந்தது.

உன்னை மன்னித்தேன் என்று எழுத நினைத்திருந்த கடிதம் இது. மன்னிக்க எனக்கு இடம் இல்லை. நீ தெரிந்தும் தெரியாமலும் செய்தாய். நான் எல்லாம் தெரிந்து, உனக்கே அதை எழுதி, பிறகு செய்தேன்.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். நீ வந்தால் இந்த வீட்டில் அந்த வழி தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஆவோம். எனக்குப் பயம். நீ வராவிட்டால் நான் ஒருத்தி. அதுவும் பயம். ஒரு வரி கேட்டாய். இரண்டில் எதை எழுதினாலும் கை நின்றுவிடுகிறது.

சுசீலாபாய் நேற்றுத் திரும்பினார். இன்று காலை குப்பியையும் அளவு மூடியையும் எடுத்துக்கொண்டு போய் இனி உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றேன். அவள் கைக்கு எட்டாமல் ஒளித்து வைக்கவா என்று கேட்டார். “இல்ல சேச்சி. என் கைக்கு எட்டப்படாது” என்றேன். புதன்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவர் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மாலை ஏழு மணிக்கு சுஜாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். அவர் குலுக்கி, அளந்து, கொடுத்தார். நான் வாயைத் துடைத்து வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

பகவதி